உயிர் இரை போட்டுக் கொடுவா பிடிக்கக் கடலூர் முதுநகர் போய் வந்தோம்

தை அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், அப்பாவும் நானும் கடலூர் முதுநகருக்குப் போய் உப்பனாற்றில் ஒரு மீனவ அண்ணனுடைய ஃபைபர் படகில் அரை நாள் தூண்டில் போட்டுவிட்டு வந்தோம். உயிர் இரை மட்டும்தான், கொடுவாவுக்கு மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்துப் போனார். இரண்டு பேருக்கு 4,500 ரூபாய். கம்பு, ரீல், முள் எல்லாம் அவருடையது. இரண்டு கொடுவா வீட்டுக்கு வந்தது, ஒன்று அறுத்துக்கொண்டு போனது, ஒரு குட்டியைத் திரும்ப ஆற்றிலேயே விட்டோம். போகலாமா என்று கேட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் மீன் எண்ணிக்கையை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் இரையைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன்.

அண்ணனுடைய பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை. அவரே வேண்டாம் என்றார். வாரத்தில் நாலைந்து நாள் அவர் கடலுக்குப் போகிறவர், தோது பார்த்து மாதத்தில் ஏழெட்டு நாள்தான் ஆட்களை ஆற்றுக்குள் அழைத்துப் போகிறார், அதற்கே வேண்டிய அளவு ஆள் வருகிறது, தினமும் போன் அடித்தால் தொழில் பார்க்க முடியாது என்கிறார். நியாயம்தான். முதுநகர் துறைமுகப் பக்கம் மீன் இறங்குகிற இடத்தில் காலையில் போய் நின்று கொடுவாத் தூண்டிலுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இவர் ஒருவர்தான் என்றும் இல்லை, அந்தப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பாஸ் பிஷிங் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்க வீடியோக்களில் ஏரியில் பிடிக்கிறார்களே, வாய் பெரிதாக, பச்சையாக, அது முழுக்க நன்னீர் மீன், நம் ஊரில் கிடையாது. நம்மிடம் இருப்பது சீ பாஸ், அதாவது கொடுவா. ஆஸ்திரேலியாக்காரர்கள் பாரமுண்டி என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். இரண்டும் சொந்தக்கார மீன்கூட இல்லை, ஆனால் குணம் கொஞ்சம் ஒத்துப்போகும்: இரண்டுமே மறைவில் நின்றுகொண்டு, பக்கத்தில் வருவதை வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்குகிற மீன். புளோரிடா பக்கம் பெரிய பாஸ் வேண்டுமென்றால் ஷைனர் என்கிற சின்ன மீனை உயிரோடு கோர்த்துத்தான் போடுவார்கள். இங்கே அந்த இடத்தில் இறாலும் மடவைக் குஞ்சும்.

ஆறு மாதத்துக்கு முன் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு பயணத்துக்குப் போய் மனம் வெறுத்துத் திரும்பியிருந்தேன். விளம்பரத்தில் உயிர் இரை என்று இருந்தது. படகில் ஏறின பிறகு பிளாஸ்டிக் கவரில் ஐஸ் போட்டு இறாலைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். வாங்கும்போது உயிரோடுதான் இருந்தது என்றார் கூட வந்த பையன். செத்த இறாலைப் போட்டால் என்ன வரும்? கெளுத்தி வரும், நண்டு வரும், பேத்தை வந்து முள்ளைச் சுற்றி இருக்கிற சதையைக் கொறித்துவிட்டுப் போகும். ஐந்து மணி நேரம் அதைத்தான் செய்தோம். அந்த அனுபவத்தால் இந்தத் தடவை போனிலேயே, இரை எங்கே வாங்குவீர்கள், எப்படி வைத்திருப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். "வாங்குறது இல்ல சார், நீங்க வந்த பிறகுதான் பிடிப்போம். அதான் உங்களை விடிகாலை வரச் சொல்றது" என்றார். அப்போதே மனசுக்குத் தோன்றிவிட்டது, இவர் சரியான ஆள் என்று.

தேதியும் நாம் சொல்வதில்லை, அவர் சொல்வதுதான். ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா என்று கேட்டேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு எட்டாம் நாள், நீர் ஓடாது, வந்தால் படகில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகணும், வேண்டாம் என்றார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும், நடுவில் எட்டாம் நாள் ஒன்பதாம் நாள் வாக்கில் சப்பென்று கிடக்கும். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசமே ஒரு மீட்டர் வாக்கில்தான், அதிலும் குறைந்துபோனால் கால்வாய்களில் தண்ணீர் நகராது. தண்ணீர் நகராவிட்டால் கொடுவாவும் நகராது. வருகிற காசை வேண்டாம் என்று சொல்லி என்னை ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னார். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு ஒரு வேலை நாளில் போனோம்.

புதுச்சேரியிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பினோம். பனி நன்றாக இறங்கியிருந்தது, அப்பா மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு எழுபது வயது, சொந்த ஊர் நெல்லிக்குப்பம். சின்ன வயதில் கெடிலத்தில் மண்புழு கோர்த்துக் கெளுத்தியும் கெண்டையும் பிடித்தவர், கம்பு என்றால் மூங்கில் கம்பு, தக்கை என்றால் சோளத் தட்டைக்குள் இருக்கிற நெட்டி. கொடுவாவைச் சந்தையில் பார்த்திருக்கிறாரே தவிர, தூண்டிலில் தொட்டதில்லை. அவருக்காகத்தான் இந்த ஏற்பாடே.

ஐந்து மணிக்குத் துறையில் அண்ணனும் அவருடைய தங்கை மகனும் நின்றார்கள். பையன் பாலிடெக்னிக் படிக்கிறானாம், லீவு நாளில் மாமாவுக்குக் கூட மாட வருவான். அந்த நேரத்துக்கு நீர் நன்றாக வற்றிக் கிடந்தது. படகை மோட்டார் போடாமல் மூங்கில் கழியால் ஊன்றிக்கொண்டே ஒரு சின்னக் கால்வாய்க்குள் கொண்டு போனார்கள். அங்கே இடுப்பளவு தண்ணீரில் ஒரு அக்கா, பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில்! அவரிடமிருந்து அண்ணன் நாற்பது இறாலை எண்ணி வாங்கினார், ஒன்று ஆறு ரூபாய். வாங்குவது இல்லை என்றீர்களே என்று கேட்டேன். கடையில் வாங்குவது இல்லை என்றுதான் சொன்னேன், இவங்க கையில எடுத்த இறாலுக்கு மீசை கூட ஒடியாது, வலையில் விழுந்த இறால் காலெல்லாம் போய் அரை உயிராகத்தான் இருக்கும் என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். உண்மைதான். இறாலின் நீள மீசை இரண்டும் முழுசாக இருந்தது, உடம்பு கண்ணாடி மாதிரி, கண் இரண்டும் சிவப்பாக மின்னியது.

மடவைக்கு மட்டும் வீச்சுவலை. கரையோரம் கணுக்கால் தண்ணீரில் பையன் சத்தமில்லாமல் நடந்து போய் மூன்று வீச்சு வீசினான். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிற குஞ்சுகளை மட்டும் எடுத்தான், மற்றதை அங்கேயே உதறினான். கையால் தொடவில்லை. வலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே ஒரு மக்கில் அள்ளி அள்ளி மாற்றினான், ஏன் என்று கேட்டதற்கு, கை சூடு பட்டால், செதில் உதிர்ந்தால், ஒரு மணி நேரத்தில் மிதந்துவிடும் சார் என்றான்.

இனி வைத்திருக்கிற விதம். படகின் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒவ்வொன்று, பழுக்கக் காய்ச்சின கம்பியால் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கழுத்தில் தக்கை கட்டி, ஆற்றிலேயே தொங்குகிறது. ஒன்றில் இறால், இன்னொன்றில் மடவை. இரண்டையும் ஒன்றாகப் போட மாட்டாராம், இறாலின் தலைக் கொம்பு மீனைக் குத்தும். ஆற்றுத் தண்ணீர் ஓட்டைகள் வழியாக வந்து போய்க்கொண்டே இருப்பதால் எங்கே நிற்கிறோமோ அந்த இடத்து உப்புதான் கேனுக்குள்ளும். இடம் மாறும்போது மட்டும் கேனைத் தூக்கிப் படகுக்குள் வைத்து, மீன் தொட்டிக்குப் போடுகிற பேட்டரி மோட்டாரால் காற்று விடுகிறார், மேலே ஈரச் சாக்கு. முகத்துவாரத்தை நோக்கி வந்தபோது நேரே கேனைக் கடலோரத் தண்ணீரில் இறக்காமல், நாலைந்து மக் தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, பத்து நிமிடம் விட்டு அப்புறம்தான் இறக்கினார். திடீரென்று உப்பு ஏறினால் இறால் துவண்டுவிடுமாம். இதையெல்லாம் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை, பேசிக்கொண்டே கை தானாகச் செய்கிறது. பத்தரை மணிக்கு நான் கேனுக்குள் கை விட்டபோதும் இறால் சுள்ளென்று துள்ளி விரலைக் கொம்பால் குத்தியது. நாற்பதில் செத்தது மூன்றே மூன்று. நான் எண்ணினேன்.

கோர்ப்பதும் அவர்தான் முதலில் செய்து காட்டினார், பிறகு நம்மையே செய்யச் சொல்கிறார். இறாலைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினால் தலைக்குள் கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அதன்மேல் முள் பட்டால் இறால் அத்தோடு சரி. கொம்புக்குக் கீழே, அந்தப் புள்ளிக்கு முன்னால், ஓடு கெட்டியாக இருக்கிற இடத்தில் குறுக்காக முள்ளை ஏற்ற வேண்டும். சரியாக ஏற்றிவிட்டால் அது முள்ளோடு அரை மணி நேரம் நீந்தும். அப்பாவுக்குக் கண்ணாடி போட்டும் புள்ளி தெரியவில்லை. அண்ணன் அவருடைய விரலைப் பிடித்து, ஓட்டின் மேல் வைத்து, "இங்க ஐயா, மேடா இருக்குதா, அந்த மேட்டுக்குக் கீழ" என்று தடவிக் காட்டினார். அதற்குப் பிறகு அப்பா கண்ணால் பார்க்கவே இல்லை, விரலாலேயே கோர்த்தார், ஒன்றுகூடத் தவறவில்லை. மடவைக்கு நீர் ஓடும்போது மேல் உதட்டில், நீர் நின்றுவிட்டால் முதுகுத் துடுப்புக்குப் பின்னால். ஓடுகிற நீரில் முதுகில் கோர்த்தால் மீன் பக்கவாட்டில் இழுபட்டு மூச்சு முட்டிச் செத்துவிடும்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக. ஏழடிக் கம்பு, 4000 சைஸ் ரீல், 30 பவுண்டு பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு, முனையில் லீடராக ஒரு மீட்டருக்கு 50 பவுண்டு கெட்டி நரம்பு, நழுவுகிற தக்கை, சர்க்கிள் ஹூக் என்கிற வட்டமாக வளைந்த முள். எதுவும் புதுசில்லை, எல்லாம் எண்ணெய் போட்டு நன்றாக ஓடுகிறது. சொந்தச் சாமான் இருந்தால் கொண்டு போகலாம், ஆனால் அவர் நரம்பை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதிப்பார். என்னுடைய லீடரைப் பார்த்துவிட்டு இது சின்ன மீனுக்குத்தான் தாங்கும் என்று கழற்றிவிட்டார்.

ஆறரை மணிக்கு நீர் ஏற ஆரம்பித்தது. சுரபுன்னைச் செடிகள் ஆற்றுக்குள் வேர் இறக்கி நிற்கிற ஒரு திருப்பத்தில் கட்டினோம். முதல் ஒரு மணி நேரம் பேத்தை இரண்டு, கெளுத்தி ஒன்று. கெளுத்தியை அண்ணன் நம்மைத் தொட விடவில்லை, துணியால் பிடித்துத் தானே கழற்றினார், அதன் துடுப்பு முள் கையில் பட்டால் அன்றைய நாள் போச்சு. அப்புறம் இடம் மாற்றினோம். அந்த ஆள் இடம் மாற்றுவதற்குத் தயங்குவதே இல்லை, இருபது நிமிடம் பார்க்கிறார், நங்கூரத்தைத் தூக்குகிறார். டீசல் செலவு பார்த்து ஒரே இடத்தில் உட்கார வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எட்டே கால் இருக்கும். அப்பாவுடைய தக்கை நடுங்கியது. மீன் கொத்தவில்லை, இறால்தான் கீழே தவித்தது. இறால் துள்ளித் தண்ணீருக்கு மேலேயே ஒரு தடவை வந்து விழுந்தது, அப்புறம் இன்னொரு தடவை, பின்னாலேயே ஒரு சத்தம். டொப். கிணற்றுக்குள் தேங்காய் விழுந்த மாதிரி. கொடுவா வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிற சத்தம் அது, வீடியோவில் கேட்பதற்கும் பத்தடி தூரத்தில் கேட்பதற்கும் சம்பந்தமே இல்லை. "சுண்டாதீங்க ஐயா, சுண்டாதீங்க, அதுவா இழுக்கட்டும்" என்று அண்ணன் கத்துகிறார். சர்க்கிள் ஹூக்கில் சுண்டினால் முள் வாயை விட்டு வெளியே வந்துவிடும், மீன் திரும்பி நடக்கும்போது நரம்பு இறுகி முள் தானாக வாயோரத்தில் போய் மாட்டும், அப்படித்தான் அதன் வளைவு. ஆனால் அறுபது வருஷமாகச் சுண்டியே பழகின கை. அப்பா சுண்டிவிட்டார். எப்படியோ மாட்டியது, ஆனால் ஓரத்தில் மாட்டாமல் உள்ளே மாட்டியிருக்க வேண்டும். மீன் ஒரு முறை முழு உடம்பும் வெளியே வந்து தலையைப் படபடவென்று உதறியது, செவுள் மூடி அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது, விழுந்தது, நரம்பு தளர்ந்தது. இழுத்துப் பார்த்தால் 50 பவுண்டு நரம்பு பிளேடால் வெட்டின மாதிரி. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் அவ்வளவு கூர்மை, வாய்க்குள்ளும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அண்ணன் தன் உள்ளங்கையில் இருந்த தழும்பைக் காட்டினார், ஏழு தையல்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார். எனக்குத்தான் அண்ணன் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது, ஏனென்றால் இந்த மாதிரி நேரத்தில் சில பேர் "நான்தான் சொன்னேனே" என்று ஆரம்பிப்பார்கள். இவர் புது லீடர் கட்டி, புது இறால் கோர்த்து, கம்பை அப்பா கையில் கொடுத்து, "மூணு கிலோவுக்கு மேல இருக்கும் ஐயா, நாலாகூட இருக்கும். அதோட வீட்டுக்காரர் இங்கதான் எங்கயாவது நிப்பாரு" என்றார். அப்பா சிரித்துவிட்டார்.

ஒன்பது மணி வாக்கில் எனக்கு மடவையில் ஒன்று. இதை நீட்டி எழுத மாட்டேன். முள் வாயோரத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது, இரண்டு தடவை சுரபுன்னை வேருக்குள் நுழையப் பார்த்தது, பையன் படகைக் கழியால் உந்தி வெளியே இழுத்துக் கொடுத்தான், பத்து நிமிடத்தில் வலைக்குள் வந்துவிட்டது. தராசில் 3 கிலோ 200. வெள்ளி மாதிரி உடம்பு, முதுகு மட்டும் பாசி நிறம், வெயில் பட்டால் கண் பொன்னாக எரிகிறது. அண்ணன் உடனே ஐஸ் பெட்டியில் போட்டார், வெயிலில் வைத்துப் படம் எடுக்கிற வேலையெல்லாம் இல்லை, ஒரே ஒரு படம்தான் அனுமதி.

பத்து மணிக்கு நீர் முட்டி நின்றது. அந்த அரை மணி நேரம் எதுவும் கடிக்காது என்று சொல்லி நிழலில் கட்டினார். அவர் வீட்டிலிருந்து வந்த இட்லியும் நெத்திலிக் குழம்பும், பிளாஸ்க்கில் டீ. குழம்பைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு பக்கம் எழுதலாம், முதல் நாள் வைத்த குழம்பு, புளி இறங்கி, மீன் உடையாமல். சாப்பிட்டுக்கொண்டே கொடுவாவைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்த மீன் பெரும்பாலும் முதலில் ஆணாகத்தான் வளரும். சில வருஷம் வளர்ந்து பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். அதனால் ஆற்றில் கிடைக்கிற ரொம்பப் பெரிய மீன் அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும், ஒரு தாய் பல லட்சம் முட்டை விடும். முட்டை விட முகத்துவாரத்துக்கு இறங்கும், குஞ்சுகள் பிறகு ஆற்றுக்குள் ஏறி வரும். அண்ணனுக்கு இது படித்துத் தெரியவில்லை. "பெருசை அறுத்தா சினை இருக்கும், சின்னதுல ஒருநாளும் பார்த்ததில்ல" என்கிறார். சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997ல் கொடுவாவைத் தொட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இப்போது சந்தையில் தட்டு அளவில், ஒரே சைசில் வருகிற கொடுவாவெல்லாம் பெரும்பாலும் குளத்தில் வளர்த்தது. அது இருக்கட்டும், ஆற்றில் நிற்கிற தாய் மீனுக்கு அது பதிலாகாது. அதனால் அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: அரைக் கிலோவுக்குக் கீழே விட்டுவிட வேண்டும், ஆறு கிலோவுக்கு மேலே போனாலும் விட்டுவிட வேண்டும். யாரும் அவருக்கு இப்படிச் சட்டம் போடவில்லை. பெரிய மீனை எடுத்துப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களை அவர் இரண்டாவது தடவை அழைப்பதில்லை. இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார். எனக்கு இந்தப் பயணத்தில் ரொம்பப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று, இதற்காகவே அவரிடம் போகச் சொல்வேன்.

பத்தரை தாண்டி நீர் இறங்க ஆரம்பித்ததும் ஆள் முகமே மாறிவிட்டது. இதுவரை நிதானமாக இருந்தவர் மளமளவென்று படகை எடுத்து, விடிகாலையில் இரை பிடித்தோமே அதே கால்வாயின் வாசலுக்குக் கொண்டு வந்து, வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நாற்பதடி தள்ளிக் கட்டினார். நீர் ஏறும்போது சின்ன மீனும் இறாலும் கால்வாய்க்குள் மேயப் போகும், நீர் வற்றும்போது எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கொடுவா வாசலுக்கு வெளியே, நீர் சுழிக்கிற ஓரத்தில், ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். "கல்யாணப் பந்தி மாதிரி தம்பி. இலை போட்டாச்சு, உட்கார்ந்திருக்குது" என்றார் அண்ணன்.

தக்கையைக் கழற்றிவிட்டார். ஈயமும் இல்லை. வெறும் முள், வெறும் இறால். கால்வாய் வாசலுக்கு மேலே வீசிவிட்டு, நீர் இழுத்துக்கொண்டு வருகிற வேகத்துக்கு நரம்பை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேதான் இரை உயிரோடு இருப்பதன் அர்த்தம் புரிந்தது. உயிருள்ள இறால் நீரோடு வந்தாலும் தலையைத் திருப்பி எதிர்த்து நிற்கப் பார்க்கும், இரண்டடி வரும், நிற்கும், துள்ளும். விரலில் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது உதறுவது ஒவ்வொன்றும் தெரிகிறது, நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. மீன் பக்கத்தில் வந்தால் அந்தத் துடிப்பு மாறும், வேகமாகும், படபடக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வருது" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நொடி கழித்து டொப்.

இந்தத் தடவை சுண்டவில்லை. இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, நரம்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நரம்பு இறுகிக் கம்பு தானாக வளைந்த பிறகுதான் ரீலைத் தொட்டார். 1 கிலோ 800. பெரிய மீன் இல்லை. வலையில் வந்ததும் அப்பா அதைக் கீழ்த்தாடையில் பிடித்துத் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டார், அண்ணன் கையுறை மாட்டிவிட்டுக் கொடுத்தார். அவர் அதைப் பார்த்த நேரம் கொஞ்சம்தான், நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு குட்டி, நானூறு கிராம் இருக்கும். தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்து முகத்தை ஓட்டத்துக்கு எதிரே காட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னார். அது தானாக உதறிக்கொண்டு போனது. பன்னிரண்டு மணிக்குக் கரை.

குறைகளும் இருக்கின்றன, சொல்லாமல் விடக்கூடாது. படகில் கூரை இல்லை, பத்து மணிக்கு மேல் தை மாதத்திலேயே வெயில் சுட்டது, சித்திரையில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரும் குடை பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார், தூண்டில் போட்டுக்கொண்டு எப்படிக் குடை பிடிப்பது? ஒரு சின்னத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டால் வயதானவர்களை நிம்மதியாக அழைத்துப் போகலாம். லைஃப் ஜாக்கெட் கேட்காமலே கொடுத்தார், அது நல்ல விஷயம், ஆனால் அப்பாவுக்கு வந்ததில் ஒரு கொக்கி உடைந்து கயிறு கட்டியிருந்தது. சொன்னதும் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார், இருந்தாலும் காசு வாங்கி ஆள் ஏற்றுகிறவர் முதலில் சரி செய்ய வேண்டியது இதைத்தான். முகத்தின் முன்னாலேயே சொன்னேன், தலையாட்டினார். ஏழு மணி நேரம் கழிப்பறைக்கு வழி இல்லை, நடுவில் ஒரு தடவை கரையில் ஒதுக்கச் சொல்லலாம், பெண்களோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். போன் எடுக்க மாட்டார், கடலில் இருப்பார், நாமே திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். அப்புறம், இறாலுக்கான 240 ரூபாய் தனிக்கணக்கு என்று முதலில் சொல்லவில்லை, கடைசியில்தான் சொன்னார். அந்த அக்காவுக்குப் போகிற காசு என்பதால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆக 4,740 ரூபாய். ஜிபே வாங்கிக்கொள்கிறார்.

எட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் உட்காரச் சொன்னால் அவர்கள் பாவம். கூட்டமாக, பாட்டுப் போட்டுக்கொண்டு, பாட்டில் எடுத்துக்கொண்டு போகிற எண்ணம் இருப்பவர்களுக்கும் இது சரிவராது, படகில் மது கிடையாது என்பதில் கறாராக இருக்கிறார். மீன் கிடைக்காவிட்டால் காசு திருப்பித் தருவீர்களா என்று ஒருவர் கேட்டாராம். கிடைக்காத நாளும் உண்டு, நான் போன அன்றைக்கே ஒன்பது மணி வரை பெட்டி காலி. ஆனால் தேதி, நேரம், இடம், இரை நான்கையும் அவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார், அதற்குத்தான் காசு.

பெரிய மீனை அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார், தலை தனியாக. அப்பா பிடித்ததை வறுத்தோம், அதைத்தான் முதலில் பரிமாற வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்கும் இரண்டு துண்டு போனது, அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

இப்போது மாசி அமாவாசைக்குத் தேதி கேட்கச் சொல்கிறார். காலையில் கூப்பிட்டேன். அண்ணன் கடலுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் கூப்பிடுங்க தம்பி என்றார் அவர் வீட்டு அக்கா. கொக்கி மாற்றியாச்சா என்று கேட்டேன், மாற்றிவிட்டாராம்.